கடலோர மணலில் கன்று காக்கும் செவிலிச் செடிகள்

கடற்கரையை ஒட்டிய மணல் நிலங்களில் மரக்கன்று நடும் விவசாயிகள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். ஐப்பசியில் நட்ட கன்று மார்கழி வரை செழிப்பாக நிற்கிறது. மாசியில் வாடத் தொடங்குகிறது. சித்திரையில் வெறும் குச்சியாகி விடுகிறது. மறு ஆண்டும் கன்று வாங்கி, குழி எடுத்து, மீண்டும் நட வேண்டியுள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளும், 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் வேதாரண்யம் வட்டாரத்துத் தென்னை, மா, முந்திரி, சவுக்குத் தோப்புகளும் சாய்ந்தன. அதன்பின் மறுநடவு செய்த சிறு விவசாயிகளுக்கு இந்த இரட்டைச் செலவின் சுமை நன்கு தெரியும்.

ஆனால் அதே மணலில், அதே வெயிலில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே மரங்கள் முளைத்து வளர்வதையும் பார்க்கிறோம். அவை எங்கே முளைக்கின்றன என்று சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். வெட்டவெளி மணலில் முளைப்பவை மிகச் சிலவே. பெரும்பாலானவை ஏதாவது ஒரு புதரின் ஓரத்தில் முளைத்தவை. இவ்வாறு இளஞ்செடிக்கு நிழலும் பாதுகாப்பும் தந்து வளர்த்துவிடும் செடியைத்தான் 'செவிலிச் செடி' என்கிறோம். இந்த முறையை நம் நிலத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நமக்குப் புதியதல்ல

செவிலிச் செடி என்ற பெயர் புதியதாக இருக்கலாம், செயல் புதியதல்ல. வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது ஓரளவு வளர்ந்தபின் வெற்றிலைக் கொடியை நடுவது நம் வழக்கம். அகத்தி நிழல் தருகிறது, கொடி பற்றி ஏற இடம் தருகிறது, காற்றை அடக்குகிறது. நிழல் மிகுந்தால் அகத்தியின் தழையைக் கழித்து ஆட்டுக்குப் போடுகிறோம். செவிலிச் செடி முறையின் எல்லா விதிகளும் இந்தக் கொடிக்காலிலேயே அடங்கியுள்ளன. முன்கூட்டி விதைத்தல், தக்க இடைவெளி, தக்க காலத்தில் கழித்தல் ஆகிய மூன்றே அவை.

மணலில் கன்று ஏன் மடிகிறது?

நோய் தெரிந்தால்தான் மருந்து தெரியும். கடலோர மணலில் இளங்கன்றுக்கு ஐந்து பகைகள் உள்ளன.

முதலாவது வெப்பம். கோடை நண்பகலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியசையும் தாண்டிக் கொதிக்கும். மண்மட்டத்தில் கன்றின் இளந்தண்டு வெந்து, பட்டையில் வளையம்போல் கருகல் விழும். வேரில் ஈரம் இருந்தாலும் மேலே ஏறாது.

இரண்டாவது ஈரமின்மை. மணல் நீரைப் பிடித்து வைக்காது. ஊற்றிய நீர் வேருக்குக் கீழே இறங்கி விடுகிறது.

மூன்றாவது சத்துக் குறைவு. மணலில் களியும் மக்கும் மிகக் குறைவு. இடும் உரமும் மழையில் கரைந்து கீழே போய்விடுகிறது.

நான்காவது காற்று. கடற்காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வந்து இலை விளிம்பைக் கருக்குகிறது. பலத்த காற்றில் பறக்கும் மணல், இளந்தண்டை அரத்தால் தேய்த்ததுபோல் தேய்க்கிறது.

ஐந்தாவது ஆடு மாடுகள். கோடையில் பச்சையாக நிற்பது கன்று மட்டுமே என்றால், ஆடு அதைத் தேடித்தான் வரும்.

ஒரு சாதாரணப் புதர் இந்த ஐந்தையும் ஒருசேரக் குறைக்கிறது. அதன் நிழலில் மணல் கொதிப்பதில்லை. ஈரம் உலர்வது தாமதமாகிறது. உதிரும் இலை மக்கி உரமாகிறது. காற்றில் வரும் நுண்மண்ணும் சருகும் புதரடியில் தங்குகின்றன. புதரில் வந்து அமரும் பறவைகளின் எச்சமும் அங்கேயே விழுகிறது. முள் உள்ள புதரானால் ஆடும் நெருங்காது. கண்ணுக்குத் தெரியாத ஆறாவது உதவி ஒன்றும் உண்டு. அதுவே வேர்ப் பூசணம்.

ஆர்க்கிட் கற்றுத்தரும் பாடம்

வேர்ப் பூசணத்தின் அருமையை அறிய ஆர்க்கிட் செடிகளைப் பார்க்க வேண்டும். நம் கிழக்குக் கடற்கரைச் சமவெளியின் பழைய கோயில் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் 'வாண்டா' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருக்கும். சில இனங்களில் பத்து லட்சத்தையும் தாண்டும். ஆனால் நெல்லிலும் உளுந்திலும் இருப்பதுபோல முளைக்கு வேண்டிய சேமிப்பு உணவு அவ்விதையில் கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ உள்ள ஒரு தகுந்த பூசணம் விதைக்குள் நுழைந்து உணவு ஊட்டினால்தான் அது முளைக்கும். இந்த உண்மையை 1899-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியலார் நோயல் பெர்னார் கண்டறிந்தார்.

இத்தகைய செடி கடலோர மணலில் எப்படி நிலைக்கிறது? இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலும் வேல்ஸ் பகுதியிலுள்ள ஆங்கிள்சி தீவிலும் உள்ள மணற்குன்றுகளில் 'எப்பிபாக்டிஸ் டுனென்சிஸ்' என்னும் ஆர்க்கிட் வளர்கிறது. அங்கே குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் தரையோடு படரும் குட்டை வில்லோ புதர்கள் உண்டு. அப்புதர்களை ஒட்டி இந்த ஆர்க்கிட்டைக் காணலாம். எப்பிபாக்டிஸ் இனங்களின் வேரில் குடியிருக்கும் பூசணங்கள், மர வேர்களோடு கூடி வாழும் வகையைச் சேர்ந்தவை. மர வேர் பூசணத்துக்குச் சர்க்கரை தருகிறது. பூசணம் மண்ணிலுள்ள சத்தை மரத்துக்குத் தருகிறது. அந்தப் பூசணத்தின் துணையில்தான் ஆர்க்கிட்டும் பிழைக்கிறது. ஆக, புதர் மேலே நிழல் தருவதோடு நிற்கவில்லை. மண்ணுக்குக் கீழேயும் பந்தி வைக்கிறது.

பிரேசில் நாட்டுக் கடற்கரை மணல் காடுகளில் இன்னொரு வகையைக் காணலாம். ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் 1998-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஜுருபாட்டிபா என்னும் பகுதியில், குடம்புளிக் குடும்பத்தைச் சேர்ந்த 'குளூசியா' என்ற சிறுமரம் மணலை ஆளுகிறது. வெறும் மணலில் அதன் விதை பிழைப்பது அரிது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலைக்குடுவையில் மழைநீர் தேங்கி நிற்கும். குளூசியா விதை பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. பிறகு வேர் விட்டு மரமாகிறது. அந்த மரத்தடி நிழலில் பல வேறு செடிகள் வளர்கின்றன. இன்று பிள்ளையாக வளர்வது நாளை செவிலியாகிறது. வெறும் மணல் காடாவது இப்படிப் படிப்படியாகத்தான்.

உதவி அளவு மீறினால்

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேல்ஸ் கடற்கரையில் கென்ஃபிக் என்னும் மணற்குன்றுப் பகுதி உள்ளது. அங்கே 'லிபாரிஸ்' என்னும் மிக அரிய ஆர்க்கிட் வளர்கிறது. புல்லும் புதரும் அடர்ந்து மணலை முழுவதும் மூடியபோது இந்தச் சிறு ஆர்க்கிட் வெளிச்சமின்றி நசிந்தது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே இயந்திரங்களைக் கொண்டு அடர்ந்த மூடலை அகற்றி, ஈர மணலை மீண்டும் வெளிப்படுத்தினார்கள். ஆர்க்கிட் மீண்டும் பெருகியது.

எனவே செவிலிச் செடி என்றும் நன்மையே செய்யும் என்று கருதக் கூடாது. வெயிலும் வறட்சியும் உப்பும் கடுமையாக உள்ள இடத்தில், கன்றின் இளம் பருவத்தில், அதன் உதவி பெரிது. கன்று வளர்ந்தபின் அதே செடி வெளிச்சத்துக்கும் நீருக்கும் போட்டியாகி விடுகிறது. எப்போது வைத்திருப்பது, எப்போது விலக்குவது என்று அறிவதே இந்த முறையின் உயிர்நாடி.

எந்தச் செடியைச் செவிலியாக்கலாம்?

நிலத்தில் ஏற்கெனவே உள்ள புதர்களே முதல் தரமான செவிலிகள். ஆவாரை, சூரை, காரை, சங்கஞ்செடி போன்றவற்றை நடவுக்கு முன் வேரோடு பிடுங்கி எரிப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. அப்படிச் செய்தால் பல ஆண்டுகளில் சேர்ந்த மக்கையும் வேர்ப் பூசணத்தையும் ஒரே நாளில் இழக்கிறோம். நடவு வரிசைக்கு அருகிலுள்ள புதர்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் அகற்றுங்கள்.

புதர் இல்லாத நிலமானால் நாமே விதைக்க வேண்டும்.

கொளுஞ்சி: மணலில் நன்றாக வளரும். தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆடு மாடுகள் அதிகம் விரும்பாது. விதைத்தோல் கடினமானது. ஆதலால் விதையைக் கரடுமுரடான மணலுடன் சேர்த்து நன்கு தேய்த்துத் தோலில் கீறல் விழச்செய்து விதைக்க வேண்டும்.

துவரை: ஒரு பருவத்துக்குள் ஆளுயரம் வளர்ந்து நிழல் தரும். பருப்பும் கிடைக்கும், குச்சி விறகாகும். ஆனால் காய்ந்தபின் நிழல் போய்விடும். எனவே நீண்ட வயதுடைய நாட்டு ரகமே ஏற்றது. அறுவடையின்போது செடியை அடியோடு வெட்டாமல் காய்களை மட்டும் பறித்துக்கொள்ள வேண்டும்.

கிளைரிசிடியா: குச்சி நட்டாலே தழைக்கும். கடலோர மணல் தென்னந்தோப்புகளில் இடைவெளியில் வளர்த்துத் தழை உரமாக இடுவதற்குக் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதைப் பரிந்துரைத்துள்ளது. வேர் பிடிக்கும் வரை தண்ணீர் தேவை.

சவுக்கு: வரிசையாக நட்டால் காற்றுத் தடுப்பாகும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் 'பிராங்கியா' என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. ஆனால் உதிரும் ஊசிச் சருகு மெத்தைபோல் மூடினால் சிறு நாற்று எழும்பாது. கன்றைச் சுற்றி மட்டும் சருகை வாரி விலக்க வேண்டும்.

சீமைக் கருவேலை எக்காரணம் கொண்டும் செவிலியாக நடவோ வளரவிடவோ வேண்டாம். அது பரவினால் பிறகு நிலமே நம்முடையதாக இராது. வெட்டிய முள்கிளைகளை, காய் இல்லாமல் பார்த்து, கன்றுக்கு வேலியாகப் பயன்படுத்தலாம். அதுபோல முந்திரிக் கன்றுக்கு வேம்பு செவிலியாகாது. முந்திரியின் தளிரைத் தாக்கும் தேயிலைக் கொசு வேம்பையும் தாக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்.

கடலை அடுத்துள்ள முன்மணலில் இராவணன் மீசையும் அடம்பும் படர்ந்திருக்கும். அவை கன்றுக்கு நிழல் தருபவை அல்ல; ஆயினும் மணலைப் பறக்காமல் பிடித்து வைத்து நமது நிலத்தையே காப்பவை. அவற்றைச் செதுக்கி எடுக்காதீர்கள்.

எந்தக் கன்றுக்குச் செவிலி தேவை?

எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே அளவு நிழல் தேவையில்லை. மா, சப்போட்டா, தென்னை, நாவல், புன்னை ஆகியவற்றுக்கு முதல் கோடையில் நிழல் மிகவும் நல்லது. முந்திரி வெளிச்சம் விரும்பும் மரம். அதற்கு மேற்புற மறைப்பு மட்டும் போதும், தலைக்கு மேல் நிழல் கூடாது. சவுக்குக்கும் பனைக்கும் செவிலி தேவையில்லை. பனங்கொட்டையை நேராக மணலில் ஊன்றலாம்.

சப்போட்டாவைப் பற்றி ஒரு செய்தி. கோடியக்கரை மணற்காட்டில் மிகுந்து நிற்கும் பாலை மரமே சப்போட்டா ஒட்டுக்கு வேர்ச்செடியாகப் பயன்படுகிறது. மணலையும் கடற்காற்றையும் தாங்கப் பழகிய வேர் அது. எனவே மணல் நிலத்துக்குச் சப்போட்டா வாங்கும்போது, பாலை வேர்ச்செடியில் ஒட்டிய கன்றா என்று கேட்டு வாங்குங்கள்.

செவிலியின் எந்தப் பக்கம் நடுவது?

இது பலரும் கவனியாத செய்தி. கோடையில் கன்றைக் கொல்வது பிற்பகல் வெயில். அது மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே செவிலி மேற்கிலும் கன்று கிழக்கிலும் இருக்க வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் தேரி மணலிலும் கடலோர மணலிலும் ஆடிக் காற்றும் மேற்கிலிருந்தே வீசி மணலை வாரி அடிக்கிறது. அங்கே இந்த அமைப்பு இரண்டு வகையிலும் பயன் தரும்.

ஆனால் கிழக்குக் கடலுக்கு மிக அருகில், உப்புக்காற்று நேராகத் தாக்கும் நிலத்தில், நிலை வேறு. அங்குள்ள பழைய புதர்களைப் பாருங்கள். கடல் பக்கக் கிளைகள் கருகி, புதர் நிலப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தால், உப்புக்காற்றே அங்கு பெரும் பகை என்று அறியலாம். அத்தகைய இடத்தில் புதரின் மேற்குப் பக்கத்தில், அதாவது கடலுக்கு மறைவான பக்கத்தில் நட்டு, பிற்பகல் வெயிலுக்கு மேற்கே ஒரு தென்னங்கீற்றோ பனையோலையோ ஊன்றிவிட வேண்டும்.

நடவு முறை

1. விதைத்து வளர்க்கும் செவிலியை ஓராண்டு முன்னதாகவே, புரட்டாசி அல்லது ஐப்பசி மழையில் விதையுங்கள். கன்றும் செவிலியும் ஒரே நாளில் வைத்தால் முதல் கோடைக்குள் போதிய நிழல் வராது. அவ்வாறு வைக்க நேர்ந்தால் விரைவில் வளரும் துவரையைத் தேர்ந்தெடுங்கள்.

2. மரக்கன்றை வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மணல் ஓரடி ஆழம் நனைந்தபின் நடுங்கள். மழை முடியும் தறுவாயில் நடுவது வீண். வேர் இறங்க அதற்குக் காலம் போதாது.

3. செவிலியின் அடித்தண்டை ஒட்டி நடாதீர்கள். அங்கே வேர்ப் போட்டி கடுமை. புதரின் கிளை முடியும் ஓரத்தில், தண்டிலிருந்து சுமார் இரண்டு அடி தள்ளிக் குழி எடுங்கள். குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புதர் வேர்களை மண்வெட்டியால் ஒருமுறை வெட்டிவிடுங்கள்.

4. குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலாக இருக்கும்படி இரண்டு அடுக்கு பரப்புங்கள். அவை நீரைத் தேக்கி வைக்கும். மேலே ஏரி வண்டலும் மக்கிய தொழு உரமும் கலந்த மணலை நிரப்புங்கள்.

5. நாற்றுப்பையை நிரப்பும்போதே நன்கு வளர்ந்த பழைய மரம் அல்லது புதரின் அடி மண்ணை ஒரு கைப்பிடி சேருங்கள். அதிலுள்ள வேர் உட்பூசணம் நாற்றின் வேரில் குடியேறும். பயிர்களுக்கும் பழமரங்களுக்கும் உதவும் பூசணம் ஆர்க்கிட்டுக்கு உதவும் வகையிலிருந்து வேறானது. ஆயினும் சத்தைத் தேடித் தரும் வேலை ஒன்றே. சவுக்கு நாற்றுக்குப் பழைய சவுக்குத் தோப்பின் மண்ணைச் சேர்ப்பது நம் விவசாயிகள் அறிந்ததே. நோயுற்ற மரத்தின் அடிமண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

6. கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்கு இடுங்கள். தண்டிலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும். ஒட்டியிருந்தால் கறையான் ஏறும்.

7. கன்றின் அருகே அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பினால், மேலே ஊற்றும் நீரைவிடச் சிக்கனமாக வேருக்கு ஈரம் கிடைக்கும்.

செவிலியை விலக்கும் காலம்

முதல் ஆண்டு செவிலியைத் தொடாதீர்கள். ஆனால் கன்றின் மேல் சாய்ந்து மூடும் கிளையை மட்டும் ஒடித்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டு மழை தொடங்கியதும் கன்றுப் பக்கக் கிளைகளைக் கழித்து, அந்தத் தழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். கன்று செவிலியின் உயரத்தை எட்டியதும், அல்லது மூன்றாம் ஆண்டு மழைக் காலத்தில், செவிலியை மண்மட்டத்தில் வெட்டிவிடலாம். வேரைப் பிடுங்க வேண்டாம். அது மக்கி உரமாகும். கோடையில் ஒருபோதும் வெட்டாதீர்கள். நிழலில் வளர்ந்த கன்றைத் திடீரென்று வெயிலில் நிறுத்தினால் பட்டை வெந்துவிடும்.

கன்றே நமக்குச் செய்தி சொல்லும். தண்டு மெலிந்து, கணுவிடை நீண்டு, வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நிழல் அதிகம் என்று பொருள். இலை விளிம்பு கருகினால் உப்புக்காற்றோ வெயிலோ மிகுதி என்று பொருள். இலை வெளுத்து, வளர்ச்சி நின்று, செவிலி மட்டும் கொழுத்தால் வேர்ப் போட்டி என்று பொருள்.

விவசாயிகளின் ஐயங்கள்

புதரை விட்டுவைத்தால் பாம்பு தங்காதா? தங்கலாம். அடி தெரியும்படி கீழ்க்கிளைகளைக் கன்று இல்லாத பக்கத்தில் கழித்துவிடுங்கள். வீட்டையும் நடைபாதையையும் ஒட்டிய புதர்களை அகற்றிவிடலாம்.

தண்ணீரைப் புதர் குடித்துவிடாதா? ஓரளவு குடிக்கும். ஆனால் முதல் கோடையில் வெட்டவெளி மணலில் வெயில் உறிஞ்சுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டடி இடைவெளியும் தக்க கழிப்பும் இருந்தால் கன்றுக்கு நிற்பது லாபமே.

ஓலை மறைப்பு மட்டும் போதாதா? நிழலுக்குப் போதும். ஆனால் ஓலை மண்ணை வளப்படுத்தாது, காற்றில் பறந்துவிடும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். செவிலி வளர வளரப் பயன் கூடும்.

உங்கள் நிலத்திலேயே சோதனை

ஒருவர் சொன்னதற்காக முழு நிலத்திலும் ஒரு முறையை மாற்ற வேண்டியதில்லை. வரும் ஐப்பசியில் ஒரே இடத்தில் வாங்கிய, ஒரே வயதுடைய இருபது கன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தைச் செவிலியின் ஓரத்திலும் பத்தை வெட்டவெளியிலும் நடுங்கள். குழி, உரம், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. அடுத்த ஆனி மாதம் எத்தனை உயிருடன் உள்ளன, ஒவ்வொன்றிலும் எத்தனை புதுத் தளிர் என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மண்ணுக்கும் காற்றுக்கும் எது பொருந்தும் என்பதை அந்தக் கணக்கே சொல்லும். அதை உங்கள் பகுதி வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடமும் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

ஒரு கன்று மடிந்தால் கன்றின் விலை மட்டும் நட்டமல்ல. குழி எடுத்த கூலி, இட்ட உரம், ஊற்றிய நீர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆண்டு போய்விடுகிறது. காசில்லாமல் நிலத்தில் நிற்கும் புதர் அந்த ஓராண்டை மிச்சப்படுத்துமானால், வரும் பருவத்தில் அரிவாளைப் புதரில் வைக்கும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.